மேற்கோள் எண்ணோடு ஒரு குடித்தனம்

இந்தியாவில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர்களுக்கு அந்தக் கட்டங்கள் நன்றாகத் தெரியும். மொத்த மேற்கோள்கள் (நம் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் சுட்டிய தடவைகள்), எச்-இண்டெக்ஸ் (20 என்றால், தலைக்கு 20 மேற்கோளாவது வாங்கிய 20 கட்டுரைகள்), ஐ10-இண்டெக்ஸ் (பத்து மேற்கோளாவது வாங்கியவை எத்தனை), சில இடங்களில் ‘மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்’. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக வாங்கும் மேற்கோள். கட்டுரை வந்த ஒவ்வொரு ஜர்னலின் எண்ணையும் எடுத்துக் கூட்டிப் போட வேண்டும். சராசரிகளைக் கூட்டினால் என்ன அர்த்தம் வரும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. நான் இப்போது இருக்கும் ஜெர்மனியில் கதை தலைகீழ். டிஎஃப்ஜி என்ற ஆய்வு நிதி அமைப்பின் தன்விவரப் படிவத்தில் முக்கியமான கட்டுரைகள் பத்து வரைதான் சொல்லலாம். எச்-இண்டெக்ஸோ இம்பாக்ட் ஃபேக்டரோ அங்கே யாருக்கும் வேண்டாம். இரண்டு படிவங்களையும் அடுத்தடுத்து நிரப்ப நேர்ந்தபோதுதான் இந்த எண்ணைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன்.

என் துறை மூலக்கூறு நரம்பியல். பிஎச்.டி. பெங்களூரில் முடித்தேன், அப்புறம் போஸ்ட்டாக்காக (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) ஜெர்மனியின் கோட்டிங்கென் நகருக்கு வந்தேன். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி கடத்தும் முனையில், வேதிப்பொருளை அடைத்துவைத்திருக்கும் குட்டிப் பைகள் உண்டு. சினாப்டிக் வெசிக்கிள் என்பார்கள். ஒன்றின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர்தான். அதன் மேல் என்னென்ன புரதங்கள் எத்தனை எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று 2006-இல் இதே ஊர் ஆய்வாளர்கள் எண்ணியே காட்டினார்கள். சினாப்டோபிரெவின் என்ற ஒரு புரதம் மட்டும் ஒரு பைக்குச் சுமார் 70. இந்தப் புரதங்கள்தாம் என் பிழைப்பு. ஆனால் ஊரிலிருந்து பேசும் மாணவர்கள் புரதத்தைப் பற்றிக் கேட்பதில்லை. “மேற்கோள் ஏற என்ன பண்ணணும்?” என்றுதான் கேட்கிறார்கள். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உலகத்திலேயே அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது? டிஎன்ஏ, ஐன்ஸ்டைன் என்றுதான் பதில் வரும். அது உண்மையில், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் ஒரு முறை. செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லோரியும் மூன்று சகாக்களும் 1951-இல் எழுதியது. 2014-இல் நேச்சர் இதழ் முதல் நூறு கட்டுரைகளைப் பட்டியல் போட்டபோது அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள் இருந்தன. இரண்டாம் இடம், புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரிப்பது பற்றிய லெம்லியின் 1970 கட்டுரை. மூன்றாம் இடம் மறுபடியும் புரதம் அளப்பதுதான்: பிராட்ஃபோர்டு, 1976. எங்கள் லேபில் இந்த மூன்றில் ஒன்றையாவது தொடாமல் ஒரு நாள் போனால் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்.

லோரி மூளையின் வேதியியலை ஆராய்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒற்றை நரம்பணுவைத் தனியே எடுத்து, குவார்ட்ஸ் இழையால் செய்த தராசில் எடை பார்த்து, அதற்குள் இருக்கும் நொதிகளை அளந்தவர். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய அசல் சாதனை. அந்தக் கட்டுரைகளுக்கு இந்த எண்ணிக்கையில் ஒரு துளிகூட வராது. அந்த 1951 கட்டுரை ஒன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். கிடைத்த வரவேற்பில் தனக்கு உள்ளூர ஒரு குஷி உண்டு என்றும் ஒப்புக்கொண்டார்.

என் விஷயத்திலும் சின்ன அளவில் இதுதான் நடந்தது. என் பிஎச்.டி. காலத்தையே தின்ற பேப்பர், ஒரு புரதத்தின் ஒரு முனையில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் வெசிக்கிளை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் பற்றியது. அதைப் படிப்பவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு வகுப்பறையை நிரப்ப மாட்டார்கள். என் பட்டியலில் உச்சியில் நிற்பதோ, குறைந்த திசுவிலிருந்து நரம்பு முனைகளைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது எப்படி என்று பிற்பாடு எழுதிய ஒரு செய்முறைக் கட்டுரை. புதுக் கண்டுபிடிப்பு என்று அதில் எதுவும் இல்லை.

அப்படி என்னதான் அதில் இருக்கிறது? மூளைத் திசுவை 0.32 மோலார் சுக்ரோஸ் கரைசலில் போட்டு, கண்ணாடிக் குழாய்க்குள் டெஃப்லான் உலக்கையை விட்டு, பனிக்கட்டியில் வைத்தபடியே அரைப்போம். முதல் சுழற்றலில் உடையாத செல்களும் உட்கருக்களும் அடியில் போய்விடும். மேலே நிற்கும் கலங்கலை எடுத்து இன்னும் வேகமாகச் சுழற்றினால் ஒரு வில்லை படியும். லேப் பாஷையில் பி2. அந்த வில்லை ஒரே நிறம் இல்லை. மேற்பகுதி வெளுத்து, தளதளவென்று இருக்கும். அடியில், குழாயோடு ஒட்டி, கருஞ்சிவப்பில் ஒரு பொட்டு. அது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா, நமக்கு வேண்டாத சரக்கு. பஃபரைச் சுவரோரமாக விட்டுக் குழாயை மெல்ல உருட்டினால் வெளிர்ப் பகுதி மட்டும் கழன்று வரும், பொட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டுப் பிப்பெட் முனையால் குத்திக் கலக்கினால் போச்சு.

பெரும்பாலான கட்டுரைகளில் இவ்வளவும் ‘வில்லை பஃபரில் மீண்டும் கலக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். தெரிந்த லேபில் சேர்ந்தவருக்கு சீனியர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். சேராதவர் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் பொட்டைப் புகைப்படம் எடுத்துப் போட்டோம். எந்த ரோட்டர், எவ்வளவு கன அளவு, எந்த இடத்தில் ஒரு துளி எடுத்து வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) வைக்க வேண்டும், வெசிக்கிளின் அடையாளப் புரதமான சினாப்டோஃபைசின் எங்கே ஏற வேண்டும், செய்தி வாங்கும் பக்கத்துப் புரதமான பிஎஸ்டி-95 எங்கே மறைய வேண்டும், எல்லாவற்றையும் எழுதினோம். ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், செய்ததும் மேற்கோள் போடுகிறார்கள். அறிவுக்கான மரியாதை என்று இதை நான் எடுத்துக்கொள்வதில்லை. கடன்பட்டவர்கள் வைக்கும் கையெழுத்து, அவ்வளவுதான்.

ஆகவே என் முதல் யோசனை இது. செய்முறைப் பகுதியை, உங்கள் லேபுக்கு அடுத்த வருஷம் வரப்போகிற, உங்களைப் பார்த்தே இராத மாணவருக்கு எழுதுவது போல எழுதுங்கள். ஜர்னல் இடம் தராவிட்டால் இணைப்புக் கோப்பாகவோ புரோட்டோகால்ஸ்.ஐஓ தளத்திலோ போடுங்கள். நீங்கள் கட்டிய பிளாஸ்மிட்களை (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையங்கள்) ஆட்ஜீனுக்கு அனுப்பிவிடுங்கள். 2004-இல் தொடங்கிய லாபநோக்கற்ற சேமிப்பகம் அது. கேட்பவர்களுக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். உங்கள் ஃப்ரீசரில் தேடி, ஐஸ் பெட்டி கட்டி, சுங்கக் காகிதம் எழுதும் வேலை மிச்சம். ஆன்டிபாடி பயன்படுத்தினால் நிறுவனம், கேட்டலாக் எண், ஆர்ஆர்ஐடி என்ற தனி அடையாள எண் மூன்றையும் கொடுங்கள். அந்தப் புரதமே இல்லாத நாக்-அவுட் திசுவில் அந்தப் பட்டை மறைகிறது என்று ஒரு படம் காட்டிவிட்டால், அந்தப் படத்துக்காகவே உங்கள் பேப்பரைத் தேடி வருவார்கள்.

கோட்டிங்கெனில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. எர்வின் நெஹரும் பெர்ட் சாக்மனும் செல் சவ்வில் இருக்கும் ஒற்றை அயனிக் கால்வாய் திறந்து மூடுவதை அளந்து 1976-இல் நேச்சரில் வெளியிட்டார்கள். 1991-இல் நோபல் கிடைத்ததற்கு அஸ்திவாரம் அதுதான். ஆனால் பேட்ச்-கிளாம்ப் என்ற இந்த முறைக்கு ஊர் உலகம் கைக்கொண்ட கட்டுரை 1981-இல் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து எழுதியது. கண்ணாடிப் பிப்பெட்டைச் சுத்தமாக வைத்து, சவ்வில் தொட்டு, லேசாக உறிஞ்சினால் ஜிகா-ஓம் அளவுக்கு இறுக்கமான ஒட்டு கிடைக்கும் என்பதையும், அதை வைத்து என்னென்ன விதமாகப் பதிவு செய்யலாம் என்பதையும் விரிவாகச் சொல்கிறது. வந்த இதழ் ஃப்ளூகர்ஸ் ஆர்கிவ், உடலியங்கியலுக்கான பழைய ஜெர்மன் இதழ். நேச்சரில் வந்தது வழிகாட்டியது, இதில் வந்தது எல்லோரையும் நடக்க வைத்தது. மேற்கோளில் 1976-ஐ 1981 எங்கோ தாண்டிப் போய்விட்டது.

அதற்காக எல்லோரும் செய்முறைக் கட்டுரையே எழுதிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. முடிந்தாலும் சலித்துவிடும். இன்னொரு வழிக்கு உதாரணம், இதே ஊரில் 1955-இல் பிறந்த தாமஸ் ஸூட்ஹாஃப். மருத்துவம் இங்கே படித்தார், ஆய்வுப் பட்டத்துக்கு இங்கேயே மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வேலை செய்தார். 1983-இல் டல்லாஸ் போய் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரின் கொலஸ்ட்ரால் லேபில் சேர்ந்தார். 1986-இல் சொந்த லேப் வைத்ததும் அவர் எடுத்த கேள்வி: நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்த மில்லி விநாடிக்குள் வெசிக்கிள் எப்படி வெடித்துத் திறக்கிறது? எது கால்சியத்தை உணர்கிறது?

1990-இல் சினாப்டோடாக்மின் என்ற புரதத்தின் மரபணுவை அவர் குழு பிரித்தெடுத்து வெளியிட்டது. அதன் அமைப்பைப் பார்த்துக் கால்சியத்தை உணர்வது இதுவாக இருக்கலாம் என்ற ஊகம் எழுந்தது. ஊகம்தான், நிரூபணம் இல்லை. 1994-இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளின் நரம்பணுக்களில், வேகமான வெளியீடு மட்டும் காணாமல் போய், மெதுவானது மிஞ்சியதைக் காட்டினார்கள். அப்போதும் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. புரதம் இல்லாமல் வேலை நின்றால், அது உணர்வியாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமா? 2001-இல் வந்த கட்டுரைதான் வாயை அடைத்தது. புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, கால்சியத்தைப் பிடிக்கும் திறனைப் பாதியாக்கினார்கள்; நரம்பு முனையில் வெளியீட்டின் கால்சியம் உணர்திறனும் பாதியானது. முதல் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே பதினோரு வருஷம். 2013-இல் ராத்மன், ஷெக்மன் ஆகியோரோடு நோபல்.

இன்று ஸூட்ஹாஃபின் எச்-இண்டெக்ஸ் 200-ஐத் தாண்டியது. அதைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தப் பதினோரு வருஷத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கேள்வியை விடாமல் பிடித்தால் பின்னால் வரும் ஒவ்வொரு கட்டுரையும் முன்னதை இழுத்துக்கொண்டே வரும். நீங்கள் மட்டுமல்ல, உங்களை எதிர்ப்பவர்களும் உங்களை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும். மூன்று வருட ஒப்பந்தத்தில் இருக்கும் போஸ்ட்டாக்குக்கு இது எளிதில்லை என்பது எனக்கும் தெரியும். பெரிய கேள்வி ஒன்று, அதன் நிழலில் ஒரு வருடத்தில் முடியக்கூடிய சின்னக் கேள்வி ஒன்று, இப்படி இரண்டு அடுப்பை எரியவிடுவதுதான் நான் கண்ட வழி. இந்தச் சின்ன அடுப்பில்தான் அந்தச் செய்முறைக் கட்டுரை வெந்தது.

அடுத்தது பெயர். தமிழர்கள் இதை முதல் பேப்பருக்கு முன்பே கவனிக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஒரு பெயர், அதற்கு முன் அப்பாவின் முதலெழுத்து. பெங்களூரில் எழுதிய கட்டுரைகளில் இனிஷியலோடு வந்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் ஏறியது. ஜெர்மனியில் எல்லா ஆவணங்களும் அதைப் பின்பற்றின, இங்கே எழுதிய கட்டுரைகளும் அப்படியே வெளியாயின. விளைவு, மேற்கோள்களை எண்ணும் ஸ்கோபஸ் தளத்தில் நான் இரண்டு ஆள். மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்து, எச்-இண்டெக்ஸ் இரண்டு பக்கமும் குட்டையாக நின்றது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, மூலக்கூறு நரம்பியலில் வருடா வருடம் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டிருக்கிறார். சொன்னபோது, “ராயல்டி ஏதாவது வருமா?” என்று கேட்டார்.

எந்த வடிவம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்து, ஓர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் ஒன்று வாங்கி, எந்தக் கட்டுரையை அனுப்பினாலும் அதைச் சேர்த்துக் கொடுங்கள். இலவசம்தான். ஸ்கோபஸில் பிரிந்திருந்தால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், செய்து தருகிறார்கள். கூகுள் ஸ்காலரில் நீங்களே சேர்க்கலாம். ஆனால் அதே பெயரில் இருக்கும் இன்னொருவரின் பயிர் விளைச்சல் ஆய்வு உங்கள் கணக்கில் தானாக ஏறிவிடும், அவ்வப்போது களை எடுக்க வேண்டும்.

எண்களை ஒப்பிடும்போது ஒரே தளத்தை வைத்து ஒப்பிடுங்கள். ஆய்வேடு, முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணுவதால் கூகுள் ஸ்காலர் எப்போதும் தாராளம், வெப் ஆஃப் சயன்ஸ் கறார். ரிவ்யூ கட்டுரை ஆய்வுக் கட்டுரையைவிட அதிகம் வாங்கும். எச்-இண்டெக்ஸ் வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. அதை 2005-இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷே பிற்பாடு, அது தவறான விளைவுகளையும் உண்டாக்கும் என்று எழுதிவிட்டார். மேற்கோள் அட்டவணையை 1964-இல் கொண்டுவந்த யூஜின் கார்ஃபீல்டின் முதல் நோக்கமே கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பதுதான், ஆட்களுக்கு மார்க் போடுவது இல்லை. வருடந்தோறும் நம் கல்லூரி வாசல்களில் ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று பேனர் முளைக்கிறதே, அந்தப் பட்டியலிலேயே தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிய விகிதத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. பேனரில் அது வருவதில்லை.

மேற்கோள் அதிகம் என்பதால் சரக்கு சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். அல்சைமர் ஆய்வில் 2006-இல் நேச்சரில் வந்த ஒரு கட்டுரை, ஒரு குறிப்பிட்ட அமைலாய்டு புரதக் கூட்டு நினைவாற்றலைக் கெடுக்கிறது என்றது. மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. சுமார் 2,500 மேற்கோள்கள். அதன் வெஸ்டர்ன் பிளாட் படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை 2022-இல் சயன்ஸ் இதழ் விரிவாக வெளியிட்டது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அமைலாய்டு ஆய்வு முழுவதுமே பொய் என்று வாட்ஸாப்பில் சுற்றியது மிகை. அமைலாய்டுதான் அல்சைமருக்குக் காரணம் என்ற கருதுகோளுக்கு மரபணுச் சான்று உட்பட வேறு தூண்கள் உண்டு. ஆனால் அந்த 2,500-இல் எத்தனை பேர் அந்தக் கூட்டைத் தங்கள் லேபில் கண்ணால் கண்டார்கள் என்பது நியாயமான கேள்வி. அதிலிருந்து நான் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கட்டுரையை அனுப்பும் முன் மேற்கோள் பட்டியலை ஸோட்டெரோ மென்பொருளில் ஓடவிடுவேன், திரும்பப் பெறப்பட்டவற்றுக்கு அது எச்சரிக்கை காட்டும். சந்தேகம் இருந்தால், வெளியான கட்டுரைகளைப் பிறர் அலசும் பப்பியர் (PubPeer) தளத்திலும் தேடுவேன். நம் பக்கத்தில், ஒவ்வொரு பிளாட்டின் வெட்டாத முழுப் படத்தையும் தேதியோடு வைத்திருப்பது கட்டாயம்.

இன்னொரு தொல்லை ரிவியூவர் வழியாக வரும். ஒரு முறை என் கட்டுரைக்கு வந்த மதிப்புரையின் கடைசியில், ‘ஆசிரியர்கள் இவற்றையும் கவனித்தால் நல்லது’ என்று ஒரு பட்டியல். எல்லாம் ஒரே குழுவினுடையவை. ஒன்று எங்கள் விஷயத்துக்கு ஒட்டியது, மற்றவை ஈரலைப் பற்றியவை. என் கைடு பழுத்தவர். ஒட்டியதைச் சேர்த்து, மற்றவை இங்கே ஏன் பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாகப் பதில் கடிதத்தில் எழுதச் சொன்னார். ஜர்னலின் ஆசிரியர் குழுவுக்கு மட்டும் போகும் குறிப்பில் பட்டியலின் தன்மையை நாசூக்காகச் சொன்னோம். கட்டுரை ஏற்கப்பட்டது. பயந்துகொண்டு எல்லாவற்றையும் சேர்ப்பவர்கள்தான் அதிகம் என்று பின்னால் நண்பர்களிடம் பேசியபோது தெரிந்தது.

படிவத்தின் கட்டத்தை நான் இப்போது இப்படி நிரப்புகிறேன்: எண், எந்தத் தளம், எந்தத் தேதி. அதோடு கேட்காவிட்டாலும் ஒரு பக்கம் இணைப்பேன். மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் என் கை எது, அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று. சமீபத்தில் ஊரில் ஒரு நேர்காணலில் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்து, “உங்க பிஎச்.டி. பேப்பருக்கு ஏன் இவ்வளவு கம்மி?” என்றார். அந்தப் புரதத்தை ஆராயும் லேப்கள் உலகத்தில் எத்தனை என்று சொன்னேன், அவற்றில் பெரும்பாலானவை அதை மேற்கோள் காட்டியிருப்பதையும் காட்டினேன். தலையாட்டிவிட்டு, அடுத்த அரைமணி நேரம் அந்தப் பாஸ்பேட்டைப் பற்றியே கேட்டார். வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவரின் எச்-இண்டெக்ஸ் என்னுடையதைவிடக் குறைவு. ஆனால் மூளைச் சீவலில் பேட்ச்-கிளாம்ப் செய்யத் தெரிந்தவர், அந்தத் துறையில் அதற்கு அதுவரை ஆள் இல்லை.